மிளகளவு

நேரு பிளேஸ், இரண்டாம் மாடிக் கடை.
ஒரு விசிறி, நான்கு திருகு,
வெள்ளி முள்ளம்பன்றி மாதிரி ஒரு ஹீட்சிங்க்,
ஊசிக்குழலில் சாம்பல் பசை.
பொட்டலத்தை நீட்டியபடி கடைக்காரன் சொன்னான்:
"கொஞ்சமா வைங்க மேடம்,
பராட்டாவுக்கு வெண்ணெய் தடவுற வேலையில்ல இது."

முனிர்க்காவில் நாலாவது மாடி எங்கள் அறை.
ஜூன். தலைக்கு மேலே தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது,
குழாயைத் திறந்து டீத்தூள் போட்டால் போதும்.
எட்டு மாதச் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளி வாங்கியதெல்லாம்
கட்டிலில் வரிசையாகக் கிடந்தது,
ஆபரேஷன் தட்டில் கருவிகள் போல.
(நான் ஸ்கேன் எடுப்பவள்.
அந்தத் தட்டைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.)
படத்தில் வரும் எலும்புகளை
வீட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் எனக்கு.
லின்தோய்க்குத் துப்பாக்கி விளையாட்டு.

தூசி விழுமென்று மின்விசிறியை நிறுத்தினாள்.
வியர்வை விழுமென்று நான் நெற்றியில் துண்டு கட்டினேன்.

ப்ராசஸரின் மூலையில் பொன் முக்கோணம்.
பலகையிலும் ஒன்று.
இதை அதற்கு நேராக்கிக் கைவிட்டேன்.
அழுத்தவே இல்லை. ஆயிரத்துச் சொச்சம் ஊசிக்கால்களோடு
தானாக உட்கார்ந்தது,
பேருந்தில் ஜன்னல் சீட் கிடைத்தவர் போல.

அடுத்து பசை.
"மட்டர்" என்றாள், பட்டாணி அளவு.
மிளகு போதும் என்றேன்.
எங்கள் ஊரில் மிளகாய்தான் என்றாள்.
இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று விழுந்தது.

பசை என்று பேர்தான், எதையும் ஒட்டாது.
வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகத்துக்கும்
கிட்டப் போனால் மேடு பள்ளம்.
பள்ளத்தில் காற்று குந்திக்கொண்டு
சூட்டுக்கு வழி விடாது.
அதை எழுப்பி அனுப்பிவிட்டு இது குந்தும்.

முள்ளம்பன்றியை நேராக இறக்கினோம்.
இந்த மூலையில் இரண்டு சுற்று,
எதிர்மூலையில் இரண்டு சுற்று.
பீரோ தூக்கும் நாலு பேர் மாதிரிதான் திருகுகளும்,
ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் காலில் விழும்.
விசிறி வயரைச் செருகினோம்.
திரை வந்தது. லின்தோய் கை தட்டினாள்.

அறுபத்தெட்டு.
எண்பத்தொன்று.
தொண்ணூற்றைந்து.
விசிறி ஊளையிட்டது. திரை செத்தது.

"எட்டு மாசம்" என்றேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது, புரிந்துகொண்டாள்.

சூடு ஆறட்டுமென்று மொட்டைமாடியில் அரைமணி நேரம்.
திரும்பி வந்து திருகுகளைக் கழற்றி
மெல்லத் திருப்பி எடுத்தோம்.
பசை அழகாகத்தான் பரவியிருந்தது, முழுநிலவாய்.
ஆனால் அதற்கு அடியில் பளபளப்பு கொஞ்சம் அதிகம்.
லின்தோய் ஓரத்தில் நகம் வைத்தாள்.
கண்ணாடித்தாள் ஒன்று உரிந்து வந்தது,
சிவப்பில் பொடி எழுத்தோடு:
பொருத்துமுன் நீக்கவும்.

கீழ்வீட்டு டோகஸ் ஆன்ட்டியின் ரிமோட்
பாலிதீன் உறைக்குள் வாழ்கிறது.
அவர் ஃப்ரிட்ஜ் கதவில் ஆறு வருஷமாக நீலத்தாள்.
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் நாங்கள்.
இப்போது சத்தம் போடாமல்
ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டில் மூக்குக்கண்ணாடித் துணியை நனைத்து
எல்லாவற்றையும் துடைத்தேன்.
இம்முறை மிளகு.
லின்தோய் வாதாடவில்லை.

இரவு இரண்டரை. ஐம்பத்திரண்டில் நின்றது.
"இன்னும் இறங்காதா?"
அறையே முப்பத்தெட்டு.
எவ்வளவு நல்ல முள்ளம்பன்றியும்
இருக்கிற அறையைவிடக் குளிராது.
உள்ளே சேரும் சூட்டை வெளியே இறைக்கும், அவ்வளவுதான்.
வெளியே என்பது எங்கள் முழங்கால்கள்.

லின்தோய் கதவைத் திறந்து வைத்துவிட்டு
துப்பாக்கியை எடுத்தாள்.
ஏழு மணிக்கு எனக்கு டியூட்டி.
படுத்தபடி கைப்பேசியின் முதுகைத் தடவினேன்.
போன தீபாவளிக்கு வாங்கியது.
ஓரத்தில் ஏதோ நகத்துக்குத் தட்டுப்பட்டது.